சிட்டையும் பேரேடும்: கழற்றிய கேஷ் வட்டிலிருந்து கோப்புகளை மீட்ட முறை

மளிகைக் கடை நடத்தும் குடும்பங்களில் பிறந்த நண்பர்களுக்குச் சிட்டையும் பேரேடும் புதியன அல்ல. மற்றவர்களுக்காகச் சில சொற்கள் கூறுகிறேன். பகலில் கூட்டம் நெரியும் வேளையில் கடைக்காரர் ஒவ்வொரு பற்று வரவையும் பேரேட்டில் பக்கம் தேடி எழுதிக்கொண்டிருப்பதில்லை. கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் சிட்டையில், வந்த வரிசையிலேயே விரைந்து குறித்துக்கொள்வார். கடை அடைத்த பின்னர் விளக்கடியில் அமர்ந்து, அவரவர் பெயருக்குரிய பக்கத்தில் அவற்றை ஏற்றுவார். ஏற்றிய வரியைச் சிட்டையில் ஒரு கோடிட்டு அடிப்பார்.

இப்பொழுது ஒரு கேள்வி. மாலை ஆறு மணிக்கு அந்தக் கடையின் கணக்கு எங்கே இருக்கிறது? பேரேட்டில் என்றால் அன்றைய வரவு விட்டுப்போகும். சிட்டையில் என்றால் ஆண்டு முழுவதும் விட்டுப்போகும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் அது கணக்கு. அந்நேரத்தில் ஒருவர் சிட்டையை எடுத்துவிட்டு, வெள்ளைச் சிட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இங்கே கடை என்பது ஒரு வீட்டுச் சர்வர். பேரேடு, 4 டெராபைட் கொண்ட சுழல் வட்டு. சிட்டை, அதன் முன் நின்ற 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.

வட்டுக்குச் சிட்டை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முள்ளின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும். முள் தடம் மாறுவதற்கு மேலும் சில மில்லி விநாடிகள் ஆகும். ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதும்போது இது பெரிதன்று. ஓராயிரம் சிறு கோப்புகளை ஓராயிரம் இடங்களில் எழுதச் சொன்னால்தான் வட்டு திணறுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழற்சியும் இல்லை, முள்ளும் இல்லை. எந்த இடத்திற்கும் ஒரு மில்லி விநாடியின் சிறு பங்கில் போய்வரலாம். ஆனால் அதே விலைக்குக் கிடைக்கும் இடமோ குறைவு. ஆகவே பெரியதும் மெதுவானதுமாகிய வட்டுக்கு முன்னால் சிறியதும் விரைவானதுமாகிய வட்டை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. முன்னால் நிற்பதைக் கேஷ் என்கிறார்கள்.

இது கையில் புழங்கும் பணமாகிய கேஷ் அன்று. ஒலி ஒன்று, எழுத்து வேறு. மறைத்துவைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பதுக்கல் என்றால் நேராகப் பொருந்தும். ஆனால் அந்தச் சொல் அரிசி மூட்டையோடு சேர்ந்து பெயர் கெட்டுவிட்டது! இக்கருத்தை 1965-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் ‘அடிமை நினைவகம்’ என்ற பெயரில் எழுதினார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசை, 85-ஆம் மாதிரிக் கணினியோடு கேஷ் என்ற பெயர் நிலைத்தது. அந்தக் கணினியில் எழுதியவை யாவும் முதன்மை நினைவகத்திற்கும் உடனே சென்றன. கேஷில் இருந்தது படி மட்டுமே. அன்றிலிருந்து கேஷ் என்றாலே ‘படிதானே, போனால் போகட்டும்’ என்ற எண்ணம் பலர் மனத்தில் ஊன்றிவிட்டது. இந்த எண்ணம் எல்லா இடத்திலும் உண்மையன்று. நான் சொல்லவந்த செய்தி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் சர்வரில் இருந்த அமைப்பின் பெயர் பீகேஷ். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் எழுதியது; 2013-இல் லினக்ஸின் 3.10-ஆம் பதிப்போடு சேர்ந்தது. அது பல வகையாக வேலை செய்யும். இரண்டு வகைகள் நமக்குப் போதும். ஒன்று ரைட்த்ரூ, உடனேற்றம் என்று வைத்துக்கொள்வோம். எழுதும் ஒவ்வொன்றும் பெரிய வட்டில் சேர்ந்த பிறகே ‘எழுதியாயிற்று’ என்ற விடை வரும். மற்றொன்று ரைட்பேக், இதைப் பின்னேற்றம் எனலாம். எஸ்.எஸ்.டி.யில் எழுதியவுடனே ‘ஆயிற்று’ என்ற விடை வந்துவிடும். பெரிய வட்டில் ஏற்றுவது பின்னர், ஓய்வு வேளையில். உடனேற்றத்தில் கேஷ் வெறும் படி. பின்னேற்றத்தில் அது சிட்டை. ஒன்றும் மாற்றாமல் விட்டால் பீகேஷ் உடனேற்றத்தில்தான் நிற்கும். விரைவை விரும்பியவர்கள் தாமே பின்னேற்றத்திற்கு மாற்றிக்கொள்வார்கள். அப்படி மாற்றியபின், வேறு ஏற்பாடு செய்யாவிடில், கேஷின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஏற்றப்படாமல் தங்கியிருக்க இடமுண்டு. 240 ஜிகாபைட்டுக்கு அது 24 ஜிகாபைட். ஒருவருடைய ஆராய்ச்சிப் பட்டத்தின் எழுத்து வேலை அனைத்தும் அந்த 24-க்குள் பலமுறை அடங்கும்.

நேர்ந்தது என்ன

நாங்கள் நால்வர் வாடகைக்கு இருக்கும் வீட்டில், படிப்பு முடிந்து போன அண்ணன் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கணினியே அந்தச் சர்வர். சங்க விழாக்களின் படங்கள், நாடகப் பதிவுகள், இம்மலரின் பழைய இதழ்கள் ஆகியன அதில் இருந்தன. மொழியியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவரின் களப் பதிவுகளும் இருந்தன. இந்நகரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை அவர் வீடு வீடாகச் சென்று பதிவு செய்துவந்தார். மொத்தம் 63 ஒலிப்பதிவுகள். அவற்றுள் 41-க்கு எழுத்துப்படி முடிந்திருந்தது. கடைசி மூன்று வாரங்களில் சேர்ந்தவை 19. அந்தப் 19-இல் பேசியிருந்த ஒரு பாட்டி, பதிவு முடிந்த சில நாட்களில் காலமாகிவிட்டார். பதிவுக் கருவியின் சிறு அட்டையோ ஒவ்வொரு முறையும் சர்வரில் ஏற்றிய பிறகு, அடுத்த வீட்டுக்காகத் துடைக்கப்பட்டிருந்தது.

விடுமுறைக்கு நான் ஊரில் இருந்தபோது எஸ்.எஸ்.டி. படிப்பதில் பிழைகள் காட்டத் தொடங்கியிருக்கிறது. வீட்டு நண்பர் கணினியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றார். கடையில் பழைய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, பழையதை ஒரு காகித உறையில் போட்டு, இது செத்துவிட்டது, எறிந்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இயக்கினால் லினக்ஸ் எழுந்தது. 4 டெராபைட் சேமிப்பு மட்டும் காணவில்லை. வட்டு சுழல்கிறது, கணினியும் அதை அறிகிறது. ஆயினும் உள்ளே நுழைய வாயில் இல்லை. நண்பர் அந்த உறையை எறியாமல் அலமாரியில் வைத்தாரே, அந்த ஒரு செயலால்தான் இக்கட்டுரை எழுத முடிந்தது.

வாயில் ஏன் மூடிக்கொண்டது? பெரிய வட்டின் தொடக்கத்தில் பீகேஷ் தனக்கென 8 கிலோபைட் இடம் ஒதுக்கிக்கொள்கிறது. ‘என் சிட்டையின் அடையாள எண் இது, அதில் ஏற்றப்படாத கணக்கு இன்னும் உண்டு’ என்ற குறிப்பு அங்கே இருக்கும். இந்நிலைக்கு டர்ட்டி என்று பெயர். அழுக்கு என்று மொழிபெயர்க்கக் கூடாது. இங்கே அது பேரேட்டுக்கு இன்னும் போகாத புத்தம் புதிய கணக்கைக் குறிக்கிறது. அந்தச் சிட்டை வராத வரையில் பீகேஷ் கதவைத் திறப்பதில்லை. இது பழுதன்று, காவல். புதிய எஸ்.எஸ்.டி.யின் அடையாள எண் வேறாதலால் அதைக் காட்டியும் பயனில்லை.

காவலை மீறவும் வழி உண்டு. நண்பரிடம் யாரோ அதைச் சொல்லியிருந்தார்கள். அமைப்பின் கோப்பு ஒன்றில் 1 என்ற ஓர் எழுத்தை எழுதினால் போதும். சிட்டை இல்லாமலே வட்டு திறந்துகொள்ளும். திறக்கும் என்பது மெய். ஆனால் அக்கணமே வட்டின் குறிப்பு ‘டர்ட்டி’ என்பதிலிருந்து ‘இன்கன்சிஸ்டன்ட்’, அதாவது முரண்பட்டது, என்று மாறிவிடும். அதன்பின் பழைய சிட்டையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதில் உள்ளவை செல்லாதவை என்று பீகேஷ் ஒதுக்கிவிடும். கதவு திறந்த மகிழ்ச்சியில் நாம் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மீட்பதற்கான வழி அடைபட்டுப் போகிறது. ஆகவே யாரும் விசைப்பலகையைத் தொடவேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு இரயில் ஏறினேன்.

இதே போன்ற மற்றொரு பொறி பழைய எஸ்.எஸ்.டி.யிலும் உண்டு. சுழல் வட்டில் ஒரு கோப்பை அழித்தால், அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரையில் செய்தி அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யின் வழி வேறு. புதிதாக அமைக்கும் கருவிகள் பலவும் ‘இங்குள்ளவை இனி வேண்டா’ என்று முதலிலேயே வட்டுக்குச் சொல்லிவிடுகின்றன. சில விநாடிகளில் முழுவதும் வெறுமையாகிவிடும். வேலை செய்கிறதா என்று பார்ப்போமே எனப் பழையதைச் செருகி அமைத்துப் பார்ப்பது, சிட்டையை அடுப்பில் வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பு.

ஒலி இருந்தது, பெயர் இல்லை

வந்து சேர்ந்த அன்றே அக்கா கேட்டார்: “தம்பி, பதிவுகள் இருக்கின்றனவா இல்லையா? அதை மட்டும் சொல்.”

“பெரும்பாலும் இருக்கின்றன அக்கா. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஏடுதான் அந்த உறைக்குள் இருக்கிறது” என்றேன்.

இதற்கு விளக்கம் வேண்டும். பீகேஷ் எல்லாவற்றையும் சிட்டையில் எழுதுவதில்லை. ஒரே தொடராக நீண்டு வரும் எழுத்தைச் சுழல் வட்டே நன்றாகச் சமாளிக்கும் அல்லவா? ஆகவே 4 மெகாபைட்டைத் தாண்டித் தொடர்ந்து வருவதை நேரே பெரிய வட்டுக்கு அனுப்பிவிடுவது அதன் இயல்பு. ஒலிப்பதிவு எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட், இடம் வலமென 2 தடங்கள். ஆக விநாடிக்கு 1,92,000 பைட். முக்கால் மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 518 மெகாபைட் ஆகிறது. இதில் தலைப்பகுதியான சில மெகாபைட் சிட்டைக்குப் போகும். மீதி உடல் முழுவதும் பேரேட்டில் சேர்ந்துவிடும். கோப்பின் பெயர், நீளம், வட்டில் அது கிடக்கும் இடங்களின் பட்டியல் ஆகியவையோ சின்னஞ்சிறு எழுத்துகள். அவை சிட்டைக்கே போகும். எழுத்துப்படிகளும் சிறியவை, அவையும் அங்கேதான்.

பாட்டியின் குரல், இவ்வாறு, வட்டில் இருந்தது. அது பாட்டியின் குரல் என்று சொல்வதற்குத்தான் வட்டில் ஒன்றுமில்லை. பெயர்ப் பட்டியலை நம்பாமல், கோப்புகளின் தலையில் உள்ள அடையாளத்தைக் கொண்டு வட்டு முழுவதையும் துழாவி எடுக்கும் கருவிகள் உண்டு. இங்கே அவற்றையும் நம்புவதற்கில்லை. தலையே வேறு வட்டில் இருக்கிறதே!

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். அதற்குமுன் பெரிய வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அதன்மேல் ஒரு மேலடுக்கு விரித்தேன். ஓவியத்தின்மேல் எண்ணெய்த் தாள் விரித்துத் தாளில் கோடு இழுப்பது போன்றது இது. நாம் எழுதுவன எல்லாம் வேறொரு வட்டில் உள்ள தாளில் விழும். கீழே உள்ள ஓவியத்தில் புள்ளியும் படாது. கெட்டுப்போனால் தாளைக் கிழித்துவிட்டு வேறு விரிக்கலாம். லினக்ஸில் இது நெடுங்காலமாக உள்ள வசதி. வட்டு மீட்பில் இறங்கும் எவரும் முதலில் கற்கவேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. ஏனெனில் கை நடுங்காமல் வேலை செய்ய முடிகிறது.

தாளின்மேல், முதல் 8 கிலோபைட்டைத் தாண்டி, சிட்டை இல்லாமலே கோப்பு அமைப்பைத் திறந்தேன். பழைய ஆண்டுகளின் படங்கள் பல ஒழுங்காக இருந்தன. அக்காவின் பகுதியில் கடைசி மூன்று வாரங்களின் உறைகளே இல்லை. முந்திய சில உறைகளில் பெயருக்குப் பதில் குப்பை. பழுது நீக்கும் கருவியை ஓட்டினேன். அது தன் கடமையைச் செய்தது: எதற்கும் சேராத துண்டுகளுக்கு வெறும் எண்களைப் பெயராக இட்டு, காணாமற் போனவற்றுக்கான உறையில் ஆயிரக்கணக்கில் குவித்தது. ஐந்தொகை பொருந்தவேண்டும் என்பதற்காக, ஆள் தெரியாத பற்றுகளையெல்லாம் ஒரே தலைப்பில் தள்ளிவிடும் கணக்கர்களைப் போல. சிட்டை போனால் அதில் உள்ள வரிகள் மட்டும் குறையும் என்று எண்ணுவோர் உளர். அப்படியன்று. பின்னேற்றத்தில் வரிகள் வந்த வரிசையில் ஏறுவதில்லை. ஒன்று ஏறியிருக்கும், அதற்கு முந்தியது ஏறாதிருக்கும். ஆகவே எஞ்சுவது நேற்றைய பேரேடு அன்று. நேற்றும் இன்றும் பக்கத்துக்குப் பக்கம் கலந்துபோன ஏடு. தாளைக் கிழித்துப் போட்டேன்.

உறையைப் பிரித்தல்

இனி வேலை எஸ்.எஸ்.டி.யோடு. அதை உயிருள்ள கணினியில் செருகினால் லினக்ஸ் தானே அடையாளம் கண்டு பெரிய வட்டோடு சேர்க்க முயலும். பிழை காட்டும் வட்டில் அந்த முயற்சி நடக்கக் கூடாது. எனவே தானாகச் சேர்க்கும் வழக்கத்தை நிறுத்திய ஒரு மீட்பு லினக்ஸைச் சிறு குச்சியிலிருந்து இயக்கி, பெரிய வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் செருகினேன்.

படி எடுக்க உதவியது டிடிரெஸ்க்யூ என்ற குனூ கருவி. சாதாரணப் படியெடுப்பான் பிழை கண்ட இடத்தில் நின்றுவிடும். இது அவ்விடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிச் செல்லும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு கெட்ட பகுதிகளுக்குத் திரும்பி, துண்டு துண்டாக முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பதற்கு ஒரு வரைபடக் கோப்பு வைத்திருப்பதால் இடையில் நிறுத்திவிட்டும் தொடரலாம். இயற்பியல் துறை நண்பர் இரவல் கொடுத்த 4 டெராபைட் வெளிவட்டில் படி இறங்கியது. பெரும்பகுதி ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிட்டது. மீதமிருந்த சில மெகாபைட்டுக்காக இரவு முழுவதும் ஓடியது. விடியும்போது வராமல் நின்றவை மூன்று இடங்கள். மொத்தம் 96 கிலோபைட். செத்ததென்று கடையில் சொன்ன வட்டு இது.

பிறகு அந்தப் படிக்கும் ஒரு படி எடுத்தேன். இது வீண் எச்சரிக்கையன்று. பீகேஷ் ஒரு சிட்டையைச் சேர்த்துக்கொள்ளும்போதே அதில் தன் குறிப்புகளைச் சரிசெய்து எழுதத் தொடங்கிவிடும். முதற்படி தொடப்படாமல் இருந்தால்தான் மறுபடியும் தொடக்கத்திற்குத் திரும்ப முடியும்.

இரண்டாம் படியில் இன்னொரு வேலையும் செய்தேன். வராமல் நின்ற இடங்கள் படியில் வெறும் சுழியங்களாக இருக்கும். சுழியம் எந்தக் கோப்பிலும் இருக்கக்கூடியது. பின்னால் தேடினால் பிரித்தறிய முடியாது. டிடிரெஸ்க்யூவில் அந்த இடங்களை மட்டும் நாம் விரும்பிய சொல்லால் நிரப்பும் வசதி உண்டு. வேறெங்கும் வரவே முடியாத ஒரு சொற்றொடரைக் கோத்து நிரப்பினேன். பீகேஷ் தன் சொந்தக் குறிப்புகளுக்குச் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. நம் செய்திக்கு இயல்பாக வைப்பதில்லை. எனவே செய்தியில் விழுந்த ஓட்டையை அது வாய்திறந்து சொல்லாது. நாமே வழி செய்துகொள்ளவேண்டும்.

அடுத்தது சேர்ப்பு. இரண்டாம் படியை ஒரு வட்டுப் போலக் கணினிக்குக் காட்டினேன். பெரிய வட்டின்மேல் புதிய தாள் ஒன்று விரித்தேன். சிட்டையின் படியை முதலிலும், தாள் விரித்த பேரேட்டை அடுத்தும் பீகேஷிடம் பதிவு செய்தேன். அடையாள எண்கள் பொருந்தின; வாயில் திறந்தது. நிலை: டர்ட்டி. ஏற்றப்படாத கணக்கு 17.4 ஜிகாபைட் என்று காட்டியது. கோப்பு அமைப்பைத் திறந்தபோது 63 பதிவுகளும் தத்தம் பெயரோடு இருந்தன. அக்கா தம் கள நோட்டுப் புத்தகத்தை விரித்து, பதிவின் எண்ணையும் நீளத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் திரையில் ஒப்பிட்டேன். பாட்டியின் பதிவு வந்தபோது ஐந்து நிமிடம் கேட்டோம். சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அக்கா நிறுத்தச் சொல்லவில்லை.

முதலில் பதிவுகளையும் எழுத்துப்படிகளையும், பின்னர் மற்றவற்றையும் வெளிவட்டில் படியெடுத்தேன். இரவும் மறுநாள் முற்பகலும் ஆயின. அதன்பின் நான் கோத்த சொற்றொடரை எல்லாக் கோப்புகளிலும் தேடினேன். கெட்ட மூன்று இடங்களுள் ஒன்று எந்தக் கோப்பிலும் இல்லை, வெற்றிடத்தில் விழுந்திருந்தது. ஒன்று ஒரு திரைப்படத்தில் இருந்தது. மற்றொன்று ஓர் எழுத்துப்படியில்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பாடமாக அமைந்தது. திரைப்படம் பழையது, எப்போதோ பேரேட்டில் ஏறிவிட்டது. யாரோ அண்மையில் பார்த்ததால் அதன் ஒரு துண்டு படியாகக் கேஷில் தங்கியிருந்தது. பீகேஷ் விரைவுக்காகக் கேஷில் உள்ள கெட்ட படியையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. கேஷை விலக்கிவிட்டு, 8 கிலோபைட் தாண்டிப் பேரேட்டிலிருந்து நேரே படித்தால் படம் முழுமையாக இருந்தது. எழுத்துப்படி அப்படியன்று. அதற்குப் பேரேட்டில் இடமே இல்லை. எழுதப்பட்ட ஒரே இடம் சிட்டை. அந்த நான்கு பக்கங்கள் போனவை போனவையே. ஒரே வட்டில், ஒரே வகைப் பழுதில், ஒன்று படி, மற்றொன்று மூலம். அந்த எழுத்துப்படிக்குரிய ஒலி நலமாக இருந்ததால் அக்கா இரண்டு நாள் அமர்ந்து மறுபடியும் கேட்டு எழுதிவிட்டார்.

மாற்றும் முறை

கேஷ் வட்டை மாற்றக் கூடாதென்பதில்லை. முறை எளியது. பின்னேற்றத்தை உடனேற்றமாக மாற்றவேண்டும். புதிய எழுத்துகள் இரண்டு இடத்திலும் விழத் தொடங்கும். பழைய நிலுவை மெல்ல ஏறும். நிலை ‘கிளீன்’ என்று மாறி, ஏற்றப்படாதது சுழியம் என்று காட்டிய பின், கேஷைப் பிரிக்கச் சொல்லவேண்டும். பிரிந்தபின் ‘நோ கேஷ்’ என்று காட்டும். சர்வர் மெதுவாக, ஆனால் முழுமையாக ஓடும். இதன் பிறகே மின்சாரத்தை நிறுத்தித் திருப்புளியை எடுக்கலாம். எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே பிழை காட்டுமானால் ஏற்றுவதற்கு முன்னரே அதைப் படியெடுத்துக்கொள்வது நலம். ஏற்றும் வேலையில் நடுவழியில் நின்றுவிடக்கூடும்.

மற்ற அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்ரெய்ட் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை பாதியே. அங்கே ஒரு கோப்பு முழுதாகக் கேஷில் இருக்கும் அல்லது முழுதாகப் பெரிய வட்டில் இருக்கும். இரவில் மூவர் என்னும் வேலைக்காரன் எடுத்து வைப்பான். கழற்றிய எஸ்.எஸ்.டி. படிக்க முடிந்தால் தனியே திறந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திறந்திருக்கும் கோப்புகளை மூவர் தொடமாட்டான். ஆகவே மாற்றுவதற்கு முன் ஓடும் சேவைகளை நிறுத்தவேண்டும். கேஷில் உள்ளதைப் பாரிட்டி வட்டு காப்பதும் இல்லை. இசட்.எப்.எஸ். அமைப்பில் எல்2ஆர்க் என்னும் கேஷ் படிப்பதற்கு மட்டும் உரியது. அதை ஓடும்போதே பிடுங்கினாலும் செய்தி போகாது. எல்.வி.எம். கேஷில் பீகேஷைப் போலவே இரண்டு வகையும் உண்டு. முறைப்படி விலக்கச் சொன்னால் ஏற்றிவிட்டே விலகும். ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், உங்கள் கேஷ் படியா, சிட்டையா என்று வாங்கிய அன்றே கேட்டு, கணினியின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

எங்கள் சர்வர் இப்போது உடனேற்றத்தில் ஓடுகிறது. எழுதும்போது வேகம் குறைந்திருப்பது தெரிகிறது. படிப்பதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் படிப்பதுதானே மிகுதி. பின்னேற்றத்தின் விரைவு வேண்டுமென்பவர்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் படியாக நிற்கும் இரண்டு எஸ்.எஸ்.டி. வைக்கட்டும், ஒற்றை வட்டில் பின்னேற்றம் வீட்டுக்கு வேண்டா என்பது என் முடிவு. இரவல் வாங்கிய வெளிவட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்கு ஈடாகச் சங்கச் செலவில் 4 டெராபைட் வட்டு ஒன்றும், மீட்பு லினக்ஸ் அடங்கிய குச்சியும் வாங்கிச் சங்க அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறோம். உறுப்பினர் எவரும் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். கழற்றிய வட்டு ஏதேனும் உறையில் கிடந்தால், அதை எதிலும் செருகுவதற்கு முன் உறையோடு கொண்டுவாருங்கள்.